வாசலும் பேரும்: முதலியார்பேட்டை வீட்டு வரியும் தனித்து வாழ்வோரும்

ஆய்வுச்சுருக்கம்

பிரித்தானியாவின் கவுன்சில் வரியில், ஒரு வீட்டில் வயதுவந்தோர் ஒருவர் மட்டுமே வாழ்ந்தால் 25 விழுக்காடு தள்ளுபடி உண்டு. இந்திய நகராட்சிகளின் வீட்டு வரியில் இத்தகைய சலுகை இடம்பெறவில்லை. பிரெஞ்சு ஆட்சியில் தனிக் கொம்யூனாக இருந்து, பின்னர் புதுச்சேரி நகராட்சியுடன் இணைந்த முதலியார்பேட்டையை முன்னிறுத்தி, இவ்வேறுபாட்டின் வரலாற்றுக் காரணங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. வரிச்சுமை வீட்டின் உரிமையாளர்மீது விழுகிறதா, குடியிருப்பவர்மீது விழுகிறதா என்பதே தனித்து வாழ்பவர் வரிச்சட்டத்தின் கண்ணுக்குத் தென்படுவதையும் தென்படாமற் போவதையும் பெரிதும் தீர்மானித்தது என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: வீட்டு வரி, முதலியார்பேட்டை, கொம்யூன், தனித்து வாழ்வோர், தலைவரி, நத்தம், பயன்துய்ப்புரிமை.

முன்னுரை

ஒரே வீதியில் ஒரே பரப்பளவில் இரண்டு வீடுகள். ஒன்றில் சம்பாதிக்கும் மூவர் உட்பட எட்டுப் பேர் வாழ்கின்றனர். மற்றொன்றில், பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, கணவரை இழந்த முதியவர் ஒருவர் வாழ்கிறார். இரு வீடுகளுக்கும் வீட்டு வரி ஒன்றே. குப்பை, கழிவுநீர், தெருவிளக்கு ஆகியவற்றின் பயன்பாட்டில் இரு வீடுகளுக்கும் உள்ள வேறுபாடு வரிக் கணக்கில் பதிவதில்லை. முதலியார்பேட்டையில் மட்டுமன்று, கடலூரிலும் சென்னையிலும் நிலை இதுவே.

இவ்விரு வீடுகளின் ஒப்பீடு புதியதன்று. 1980களின் இலண்டன் அரசியலில் ஓயாது எடுத்தாளப்பட்ட வாதம் இது. அங்கே அவ்வாதம் ஒரு வரியையே வீழ்த்தியது, மற்றொன்றை உருவாக்கியது, அதுவும் வீழ்ந்தபின் மூன்றாவதில் நிலைபெற்றது. நம் ஊர்களிலோ அது நகராட்சி வாசலைக்கூட எட்டவில்லை. இவ்வேறுபாட்டை இரக்கத்தின் குறைவென்று விளக்குவது எளிது, ஆனால் போதாது.

வாசல்வரியும் பேர்க்கடமையும்

தமிழ்க் கல்வெட்டுச் சொற்களிலிருந்து தொடங்குவது பயன்தரும். விசயநகரக் காலக் கல்வெட்டுகளின் வரிப்பட்டியல்களில் வாசல்பணம் என்பதும் பேர்க்கடமை என்பதும் தனித்தனியே இடம்பெறுகின்றன. முன்னது வீட்டை அலகாகக் கொண்டது, பின்னது ஆளை அலகாகக் கொண்டது. வாசல் ஒன்றாக இருக்க உள்ளிருக்கும் பேர் மாறுபடலாம் என்பதை வரித்தண்டலார் அறிந்திருந்தனர் என்பதற்கு இச்சொற்களே சான்று. இக்கட்டுரையில் இவ்விரு சொற்களும் பகுப்பாய்வுக் கருவிகளாகக் கையாளப்படுகின்றன.

இதற்கு முந்திய சோழர் காலத்தில் குடியிருப்பு நிலத்தின் நிலை கவனிக்கத்தக்கது. முதலாம் இராசராசனின் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகள், ஊர்களின் மொத்த நிலத்திலிருந்து ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், வாய்க்கால்கள், கம்மாணசேரி, பறைச்சேரி, சுடுகாடு ஆகியவற்றைக் கழித்துவிட்டு, எஞ்சிய நிலத்துக்கே இறை கணக்கிடுகின்றன. மக்கள் வாழும் இடம் விளைநிலம் அன்று, ஆதலால் நிலவரிக்கு உரியதன்று என்பதே இதன் அடிப்படை. கிராம நத்தம் என்னும் வகைப்பாடு இரயத்துவாரி ஆவணங்களிலும் தொடர்ந்தது. குடியிருப்பின்மீது ஆண்டுதோறும் முறையாக வரி விதிப்பது, நம் ஊர்களைப் பொறுத்தவரை, பெரிதும் நகராட்சிகளோடு வந்த வழக்கம்.

ஆளை நோக்கிய விலக்குகள் வேறொரு மரபில் காணப்படுகின்றன. ஆபத்தம்ப தருமசூத்திரம் வரி விலக்குப் பெறுவோருள் பெண்களைச் சேர்க்கிறது. வசிட்ட தருமசூத்திரம் ஆதரவற்றோரையும் முதியோரையும் பிறந்தகம் திரும்பிய கைம்பெண்களையும் குறிப்பிடுகிறது. மனுநூல் எழுபது வயது நிறைந்தவரை விலக்குகிறது. இவை நடைமுறையில் எந்த அளவு பின்பற்றப்பட்டன என்பது வேறு. துணையற்ற நிலை வரி விலக்குக்கு ஏற்ற காரணம் என்னும் எண்ணம் இந்நிலத்துக்கு அயலானதன்று என்பதையே இங்குச் சுட்டுகிறோம்.

கொம்யூன் காலத்து முதலியார்பேட்டை

பிரெஞ்சிந்தியாவில் நகராட்சி அமைப்பு 1880 மார்ச் 12 நாளிட்ட ஆணையால் ஏற்பட்டது. அப்போது அமைந்த 10 கொம்யூன்களுள் புதுச்சேரிப் பகுதிக்கு உரியவை புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர் ஆகிய நான்கு. 1907இல் மொத்த எண்ணிக்கை 17 ஆக உயர்ந்தபோது, முதலியார்பேட்டை தனக்கென ஒரு மன்றமும் மேரும் கொண்ட தனிக் கொம்யூனாயிற்று. அரியாங்குப்பம், நெட்டப்பாக்கம், திருபுவனை ஆகியனவும் அவ்வாறே உருப்பெற்றன. 1898இல் நிறுவப்பெற்ற ரோடியர் ஆலை இவ்வெல்லைக்குள் அமைந்தது. கடலூர்ச் சாலையை ஒட்டிய உழவர் குடியிருப்புகளிடையே ஆலைத் தொழிலாளர் வீடுகள் பெருகியது அதன் விளைவு.

கொம்யூனை ஆண்ட பிரான்சின் வரிமரபு தனித்து வாழ்பவரை எவ்வாறு நோக்கியது என்பது சுவையானது. அது அவரைக் கண்டது, கண்டு தண்டித்தது. புரட்சிக்குப்பின் 1791 தொடக்கத்தில் இயற்றப்பெற்ற கொந்த்ரிபுசியோன் மொபிலியேர் என்னும் வரி, ஒருவர் செலுத்தும் வீட்டு வாடகையிலிருந்து அவரது வருவாயை ஊகித்தது. மணமாகாதவர், தம் வாடகைக்கு உரிய படிநிலையைவிட ஒரு படி மேலே வைக்கப்பட்டார். மூவருக்கு மேற்பட்ட குழந்தைகளைக் கொண்ட குடும்பத் தலைவர் ஒரு படி கீழே இறக்கப்பட்டார். குடும்பப் பொறுப்பு இல்லாதவர் தம் வருவாயில் சிறு பகுதியையே வாடகைக்குச் செலவிடுவார், எனவே வாடகை குறைவாயினும் வருவாய் மிகுதி என்பது சட்டமியற்றியோரின் கணக்கு.

முதல் உலகப் போருக்குப்பின் இந்நோக்கு இன்னும் கடுமையாயிற்று. மக்கள்தொகை குறித்த அச்சத்தின் பின்னணியில், 1920 ஜூன் 25 நாளிட்ட சட்டம், சார்ந்திருப்போர் எவருமற்ற 30 வயது கடந்த மணமாகாதோரின் வருமான வரியை 25 விழுக்காடு உயர்த்தியது. பிற்காலத்தில் பிரித்தானியா அளித்த தள்ளுபடியும் 25 விழுக்காடே என்பது தற்செயல்தான். ஆயினும் ஒரே அளவு ஒருபுறம் தண்டமாகவும் மறுபுறம் சலுகையாகவும் அமைந்ததை நினைவில் கொள்ளலாம். 1945 திசம்பர் 31 நாளிட்ட சட்டம் குடும்ப ஈவு முறையைக் கொணர்ந்தபோது போக்கு ஓரளவு திரும்பியது. பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியபின் தனித்து வாழ்வோருக்குக் கூடுதலாக அரைப் பங்கு கிடைத்தது. கைம்பெண்களின் அரைப் பங்கு என்றே பிரெஞ்சு மக்கள் வழக்கில் அது பெயர் பெற்றது. 2008க்குப்பின் அது படிப்படியாகக் குறைக்கப்பட்டபோது, உள்ளாட்சி வரிகளில் விலக்குப் பெற்றிருந்த முதியோர் பலர் அவ்விலக்கை இழந்தனர். எழுந்த எதிர்ப்பால் 2015இல் அரசு பின்வாங்க நேர்ந்தது. முதன்மை வசிப்பிடங்களுக்கான குடியிருப்பு வரியே 2023 முதல் அங்கு இல்லை.

இவற்றை அப்படியே முதலியார்பேட்டைக்குப் பொருத்தலாகாது. தாய்நாட்டுச் சட்டங்கள் குடியேற்ற நாடுகளில் தாமாகச் செல்லுபடியாகா, தனியே அறிவிக்கப்பட்டால்தான் செல்லும் என்பது பிரெஞ்சுக் குடியேற்றச் சட்டத்தின் அடிப்படை நெறி. வரிகளைப் பொறுத்தவரை, 1879இல் அமைந்த பொதுக்குழு உள்ளூர் வரவுசெலவைத் தீர்மானித்தது. பிரெஞ்சிந்தியாவைப் பாரிசின் சிறிய படியாகக் கருதி எழுதும் போக்கு நம் ஆய்வுகளில் இன்னும் மறையவில்லை என்பதால் இதனை வலியுறுத்த வேண்டியுள்ளது.

ஆனால் தனித்து வாழ்ந்த பெண்ணின் வரிச்சுமையைப் பிரெஞ்சுச் சட்டம் வேறொரு வழியில் நேரடியாகத் தொட்டது. 1819 சனவரி 6 நாளிட்ட ஆணை, இந்தியர்களுக்கு அவரவர் வழக்கச் சட்டமே செல்லும் என்றது. 1881 செப்டம்பர் 21 நாளிட்ட ஆணையின்படி தம் தனிநிலைச் சட்டத்தைத் துறந்தவர்கள், அதாவது ரெனோன்சான்கள், பிரெஞ்சு சிவில் சட்டத்தின்கீழ் வந்தனர். அச்சட்டத்தில் சொத்தின் உரிமை ஒருவரிடமும் பயன்துய்ப்புரிமை மற்றொருவரிடமும் இருக்கலாம். கணவர் இறந்தபின் வீட்டின் உரிமை பிள்ளைகளுக்குச் செல்ல, அதில் வாழும் பயன்துய்ப்பு மனைவிக்கு அமைவது இதன் வழக்கமான வடிவம். சிவில் சட்டத்தின் 608ஆம் பிரிவு, ஆண்டுதோறும் எழும் வரிகளைப் பயன்துய்ப்பவரே செலுத்த வேண்டும் என்கிறது. வீட்டை விற்கவியலாத, அதன் முழு உரிமையும் இல்லாத, ஆனால் அதில் தனித்து வாழும் தாயின் பெயரிலேயே வரிச்சுமை நிற்கும். இந்திய இந்து வாரிசுரிமைச் சட்டம் 1963இல் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டபின்னும் ரெனோன்சான் குடும்பங்களுக்குச் சிவில் சட்டமே தொடர்ந்தது. ஆதலால் இது பழங்கதை அன்று.

வாடகை மதிப்பு: இல்லாத குடித்தனக்காரர்

1954 நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவிடம் வந்தது. 1956 மே 28இல் கையெழுத்தான ஒப்படைப்பு உடன்படிக்கை 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. கொம்யூன் அமைப்போ மேலும் சில ஆண்டுகள் நீடித்தது. 1973ஆம் ஆண்டு நகராட்சிகள் சட்டம் 1974 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்து, 1880ஆம் ஆண்டு ஆணை வகுத்த அமைப்பை முடித்துவைத்தது. அம்மாற்றத்தில் முதலியார்பேட்டை கொம்யூன் புதுச்சேரி நகராட்சியோடு இணைந்தது. 67 ஆண்டுகள் தனக்கெனக் கணக்கேடு வைத்திருந்த ஊர், ஒரு பெரிய ஏட்டின் சில பக்கங்களாயிற்று.

எல்லைக்கு அப்பால், தென்னார்க்காட்டில், வேறொரு மரபு வேரூன்றியிருந்தது. 1920ஆம் ஆண்டுச் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம் சொத்துவரியை ஆண்டு வாடகை மதிப்பின்மீது நிறுத்தியது. ஒரு கட்டடத்தை வாடகைக்கு விட்டால் நியாயமாக என்ன கிடைக்கும் என்பதே அளவுகோல். உரிமையாளர் தாமே குடியிருந்தாலும், கற்பனையான ஒரு குடித்தனக்காரரை உள்ளே வைத்துத்தான் மதிப்பீடு செய்யப்படும். அந்தக் குடித்தனக்காரர் எத்தனை பேருடன் வருவார் என்று சட்டம் கேட்பதில்லை.

அச்சட்டம் ஒரே ஒரு வகையில்தான் குடியிருப்பை எண்ணிப்பார்த்தது. ஓர் அரையாண்டில் தொடர்ந்து 30 நாட்களோ அதற்கு மேலோ வீடு காலியாகக் கிடந்தால், கட்டடத்துக்கு உரிய வரியில் பாதிக்கு மிகாத பகுதி, காலியாக இருந்த நாட்களின் விகிதத்தில் தள்ளுபடி செய்யப்பட்டது. 1919ஆம் ஆண்டுச் சென்னை மாநகராட்சிச் சட்டத்திலும் இதே விதி இருந்தது. இதன் விளைவு வியப்புக்குரியது. வீட்டில் ஒருவரும் இல்லையெனில் சலுகை உண்டு. ஒருவர் இருந்தால் பத்துப் பேர் இருந்ததற்கு உரிய வரி. கைம்பெண் வீட்டைப் பூட்டிவிட்டு மகன் வீட்டுக்குப் போனால் வரி குறையும், தன் வீட்டிலேயே வாழ்ந்தால் குறையாது. வாடகை வருமானம் நின்றுபோன உரிமையாளரின் இழப்பை ஈடுசெய்யவே இவ்விதி எழுந்தது. குடியிருப்பவரின் நிலை அதன் நோக்கத்துக்குள் வரவில்லை.

இலங்கையில் சோலைவரி எனப்படும் உள்ளாட்சி வரியும் இவ்வகையில் மாறுபட்டதன்று. அங்கே ஆண்டு வரி முழுவதையும் சனவரி மாதத்துக்குள் செலுத்துவோருக்கு 10 விழுக்காடு கழிவு உண்டு. தமிழ்நாட்டிலும் உரிய காலத்துக்குள் செலுத்துவோருக்கு 5 விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு. இவை நேரத்துக்குத் தரும் பரிசுகள், நிலைமைக்குத் தரும் சலுகைகள் அல்ல.

பிரித்தானிய வழி

பிரித்தானியாவின் பழைய ரேட்ஸ் வரியும் வாடகை மதிப்பின்மீதே நின்றது. சென்னைச் சட்டங்களின் மூலம் அதுவே. ஆனால் அங்கே அதனைச் செலுத்தியவர் பொதுவாகக் குடியிருப்பவர், உரிமையாளர் அல்லர். இதனால்தான் தனித்து வாழும் கைம்பெண்ணும் அடுத்த வீட்டில் சம்பாதிக்கும் நால்வரும் ஒரே வரி செலுத்துவது அரசியல் பேச்சாக முடிந்தது. மார்கரெட் தாட்சர் அரசு இவ்வாதத்தை முன்வைத்தே, வயதுவந்த ஒவ்வொருவர்மீதும் விழும் சமுதாயக் கட்டணத்தை ஸ்காட்லாந்தில் 1989இலும், இங்கிலாந்திலும் வேல்சிலும் 1990இலும் புகுத்தியது. மக்கள் அதனைத் தலைவரி என்றே அழைத்தனர். நம் சொல்லில் அது முழுப் பேர்க்கடமை. 1990 மார்ச் 31 அன்று இலண்டன் டிரபால்கர் சதுக்கத்தில் அதற்கெதிரான பேரணி கலவரமாயிற்று. அவ்வாண்டு இறுதியில் தாட்சர் பதவி விலகினார்.

1992ஆம் ஆண்டு உள்ளாட்சி நிதிச் சட்டத்தின்கீழ் 1993 ஏப்ரல் முதல் வந்த கவுன்சில் வரி, வாசலையும் பேரையும் ஒரே வரிக்குள் பிணைத்தது. 1991 ஏப்ரல் 1 நிலவரப்படியான மதிப்பைக் கொண்டு வீடுகள் எட்டு அடுக்குகளாயின. வரியின் பாதி சொத்துக்கு உரியதாகவும் மறுபாதி இரு வயதுவந்தோருக்கு உரியதாகவும் கருதப்பட்டது. ஒருவரே வாழ்ந்தால், ஆளுக்குரிய பாதியில் பாதி, அதாவது 25 விழுக்காடு, கழியும். மூவர், நால்வர் என்று எண்ணிக்கை உயர்ந்தாலோ வரி உயராது. தலைவரியின் எச்சம் தள்ளுபடி வடிவில் மட்டுமே எஞ்சியது. ஆகவே தனியாள் தள்ளுபடியை முதியோர் நலத்திட்டமாகப் படிப்பது பிழை. வருவாயோ வயதோ அதற்கு அளவுகோல் அல்ல, செல்வந்தரும் பெறுவர். முதியோரை முன்னிட்ட சலுகை வட அயர்லாந்தில் உண்டு. பழைய ரேட்ஸ் முறையே தொடரும் அங்கே, தனித்து வாழும் 70 வயது கடந்தோருக்கு 2008 முதல் 20 விழுக்காடு குறைக்கப்படுகிறது.

காலி வீட்டைப் பொறுத்தவரை பிரித்தானியாவின் போக்கு நம்முடையதற்கு நேர்மாறு. தொடக்கத்தில் 50 விழுக்காடு தள்ளுபடி பெற்ற காலி வீடுகள்மீது, 2013 முதல் இங்கிலாந்தில் கூடுதல் வரி விதிக்க உள்ளாட்சிகளுக்கு இசைவு அளிக்கப்பட்டது.

அரசமைப்பின் இரு பதிவுகள்

இந்திய அரசமைப்பின் ஏழாம் அட்டவணை மாநிலப் பட்டியலில் 49ஆம் பதிவு நிலம், கட்டடங்கள் மீதான வரி. 61ஆம் பதிவு தலைவரி. வாசலும் பேரும் இங்கேயும் தனித்தனியே நிற்கின்றன. 49ஆம் பதிவின்கீழ் வரும் வரி நிலத்தையும் கட்டடத்தையும் அலகுகளாகக் கொண்டு அவற்றின்மீது நேரடியாக விழுவது என்று உச்ச நீதிமன்றம் 1960களின் இறுதியில் தெளிவுபடுத்தியது. சென்னை நகர்ப்புற நிலவரி தொடர்பான பக்கிங்காம் கர்னாடிக் ஆலை வழக்கும் அத்தீர்ப்புகளுள் ஒன்று. வரி கட்டடத்தின்மீதே என்னும் இந்நிலைப்பாடு, குடியிருப்பவரைக் கணக்கில் கொள்ளாத நகராட்சி வழக்கத்துக்கு ஒரு கோட்பாட்டு முலாம் பூசியது எனலாம்.

ஆயினும் அது சலுகைகளுக்குத் தடையன்று. தில்லி மாநகராட்சியில் 2004 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள அலகுப் பரப்பு முறையில், பெண்கள், மூத்த குடிமக்கள், மாற்றுத்திறனாளிகள், முன்னாள் படைவீரர் ஆகியோர் தம் பெயரிலுள்ள, தாமே குடியிருக்கும் ஒரு வீட்டுக்கு, 200 சதுர மீட்டர் வரை, 30 விழுக்காடு தள்ளுபடி பெறுகின்றனர். இந்தியாவில் நம் பொருளுக்கு மிக நெருங்கிய எடுத்துக்காட்டு இதுவே. ஆனால் எட்டுப் பேர் வாழும் வீடு பாட்டியின் பெயரில் இருந்தால் அதற்கும் சலுகை உண்டு. தனியே வாடகைக்கு இருக்கும் பாட்டிக்கு இல்லை. சலுகை உரிமைப் பத்திரத்தைப் பின்தொடர்கிறது. தமிழ்நாட்டில் 2022இல் சொத்துவரி உயர்த்தப்பட்டபோது 600 சதுர அடி வரையிலான குடியிருப்புகளுக்குப் பெரும்பாலும் 25 விழுக்காடும் பெரிய வீடுகளுக்கு அதனினும் மிகுதியாகவும் உயர்வு அமைந்தது. அங்கே ஏழைமைக்குப் பதிலியாக நின்றது பரப்பளவு.

யார் தனியர்?

முதலியார்பேட்டையில் இத்தகைய சலுகை ஏற்பட்டால் பயன்பெறக் கூடியோர் இரு வகையினர். பிள்ளைகள் பிரான்சில் இருக்க, மறைந்த கணவரின் ஓய்வூதியப் பங்கைப் பெற்று வாழும் சொல்தா குடும்பத்து மூதாட்டியர் ஒரு வகை. 2020 ஏப்ரல் 30 அன்று மூடப்பெற்ற ஏ.எஃப்.டி. ஆலையை, அதாவது பழைய ரோடியரை, நம்பியிருந்த குடும்பங்களின் முதியோர் மற்றொரு வகை. முன்னவரின் வரி செலுத்தும் திறன் பின்னவருக்கு இல்லை. பிரித்தானிய விதி இருவரையும் ஒன்றாகவே நடத்தும்.

அதனினும் சிக்கலானது தனிமையின் இலக்கணம். இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒரே சமையலில் உண்போரை ஒரு குடும்பமாகக் கொள்கிறது. பாகம் பிரிந்த வீட்டின் பின்கட்டில் தனி உலை வைத்துண்ணும் தாய், கணக்கெடுப்பில் ஒற்றையாள் குடும்பம். கவுன்சில் வரியின் அலகோ தனிக் குடியிருப்பு. பின்கட்டு தனி வீடாக மதிப்பிடப்படாதவரை, மகனும் மருமகளும் முன்கட்டில் இருக்கும் அவ்வீட்டில் அத்தாய் தனியர் ஆகார். உலையை அளவாகக் கொண்டால் வரிச்சலுகைக்காக உலைகள் பெருகும். வாசலை அளவாகக் கொண்டால், கூட்டுக் கூரையின்கீழ் உண்மையிலேயே தனித்து உண்பவர் மறைந்துபோவார். பிரித்தானிய உள்ளாட்சிகள் தள்ளுபடி பெறும் வீடுகளின் பட்டியலை வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றன. புதுச்சேரியில் வீட்டிலுள்ளோரைப் பெயர் பெயராகக் குறித்துவைத்திருப்பது குடிமைப்பொருள் வழங்கல் துறையின் சிவப்பு, மஞ்சள் குடும்ப அட்டைகள். வாசல்களைக் குறித்துவைத்திருப்பது நகராட்சியின் வீட்டு வரி ஏடு. ஒரே வீதியைப் பற்றிய இவ்விரண்டும் வேறுவேறு அலுவலகங்களில், வேறுவேறு அலகுகளில் எழுதப்பட்டவை.

இவற்றை இணைப்பதா, யாருக்குக் கழிப்பது, கழித்த தொகையை எவரிடம் ஈட்டுவது என்பன மன்றம் கூடித் தீர்மானிக்க வேண்டியவை. புதுச்சேரியில் 1968க்குப்பின் உள்ளாட்சித் தேர்தல் 2006இல்தான் நடந்தது. அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் காலம் 2011இல் முடிந்தபின் மீண்டும் தேர்தல் நடைபெறவில்லை. 1907இல் தன் மேரையும் மன்றத்தையும் பெற்றிருந்த முதலியார்பேட்டையின் வீட்டு வரி இன்று அதிகாரிகளின் பொறுப்பில் தண்டப்படுகிறது.